மாவுப் பெட்டியின் வெப்பநிலைக் கருவி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சித்திரை வெயிலில் சேலத்தில் ஆட்டி வைத்த இட்லி மாவு விடிவதற்குள் புளித்து வழிந்துவிடும்; அதே அளவு அரிசியும் உளுந்தும் போட்டு மார்கழியில் ஏற்காட்டில் ஆட்டினால், மறுநாள் காலையிலும் வைத்தது வைத்தபடி கிடக்கும். இந்த இரண்டுக்கும் தீர்வாக, பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்குள் சூடேற்ற ஒரு பல்பை மாட்டி, எஸ்டிசி-1000 என்ற கட்டுப்பாட்டுக் கருவியை வெளியே பொருத்தி, மாவை 30 டிகிரியிலும் தயிரை 42 டிகிரியிலும் வைத்துக்கொள்ளும் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்வோர் இப்போது பெருகியிருக்கிறார்கள். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் பயன்படுத்துவதும் இதே அமைப்புதான். தமிழ்நாட்டில் உரிமமின்றி மது காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம் என்பதாலும், அந்த மதுவிலக்கு 1937 அக்டோபர் 1-ஆம் தேதி முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததே சேலம் மாவட்டத்தில்தான் என்பதாலும், இங்கே மாவையும் தயிரையும் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

இத்தகைய பெட்டிகளைத் தொடர்ந்து சரிசெய்து வருவதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கோளாறு என்றதும் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கருவியை. உண்மையில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான். சென்சார், அது வைக்கப்பட்ட இடம், முறுக்கிவிட்ட ஒயர் இணைப்பு, சூடே தராத பல்பு ஆகியவைதான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணமாக இருக்கின்றன. ஆகவே புதுக் கருவி வாங்கக் கடைக்குப் போகும் முன், உங்கள் பெட்டி காட்டும் அறிகுறிக்குரிய தலைப்பைத் தேடி, அதில் சொல்லியுள்ள வரிசைப்படியே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

தேவையானவை ஒரு மல்டிமீட்டர், ஒரு திருப்புளி, நம்பகமான ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் ஐஸ் ஆகியவை மட்டுமே. டெஸ்டர் பல்பு எரிகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கசிந்து வரும் சிறு மின்னழுத்தத்துக்கும் அது மினுக்கும். ஒயரைத் தொடும் வேலை எதுவானாலும் ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, அல்லது ஆர்சிசிபி விழுகிறது

ஆர்சிசிபி என்பது மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச். இந்த அறிகுறி வேறு எதனோடு சேர்ந்து வந்தாலும் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கையில் லேசாக ‘சுருக்’ என்றாலும் மெயினை அணைத்துவிட்டு, அதன் பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் பிளக் இருந்த இடத்தில் இரண்டு முள் பிளக்கை யாராவது மாற்றியிருந்தால், ஃபிரிட்ஜின் உடல் எர்த்தோடு தொடர்பே இல்லாமல் நிற்கிறது என்று பொருள். அடுத்து, பல்பு ஹோல்டரைப் பாருங்கள். மாவிலிருந்து எழும் ஈரம் இரவு முழுவதும் பெட்டிக்குள் சுற்றி ஹோல்டரின் அடியில் நீராகப் படிந்திருக்கும். அதைத் துடைத்து வெயிலில் உலர்த்திவிட்டு, வாய் மேல்நோக்கி இருந்தால் கீழ்நோக்கி மாற்றி மாட்டுங்கள்.

ஷாக் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் விழுகிறது என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்பு ஒயரையும் ஃபிரிட்ஜ் ஒயரையும் கருவியிலிருந்து கழற்றி முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பிறகு கருவிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்த்து, அடுத்து பல்பு, அதற்கடுத்து ஃபிரிட்ஜ் என்று ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அதில்தான் கசிவு இருக்கிறது. பல்பு என்றால் ஹோல்டரையும் ஒயரையும் நீங்களே மாற்றலாம். ஃபிரிட்ஜ் என்றால் கம்ப்ரஸர் சுருளிலேயே கசிவு இருக்கக்கூடும். அது ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் வேலை. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விழுந்தாலோ, ஷாக் நிற்காவிட்டாலோ, வீட்டு ஒயரிங்கையும் எர்த் குழியையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் அளந்து பார்க்க வேண்டும். ஆர்சிசிபி இல்லாத வீடானால், 30 மில்லிஆம்பியர் அளவுள்ள ஒன்றைப் பொருத்தாமல் இந்தப் பெட்டியை ஓட்டவே கூடாது என்பது என் திடமான கருத்து. ஈரமும் இரும்பு உடலும் 230 வோல்ட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வீட்டில் குழந்தைகளும் கதவைத் திறப்பார்கள்.

திரையே எரியவில்லை

முதலில் பிளக் பாயிண்டில் வேறு ஏதாவது ஒன்றைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், கருவியின் பின்புறம் 1, 2 எண் முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து அளங்கள். ஏறத்தாழ 230 காட்டினால் ஒயரிங் சரி; எதுவும் காட்டாவிட்டால் ஃபியூஸ், பிளக், திருகு என்று பின்னோக்கிப் போங்கள். பல இழைகள் கொண்ட ஒயரை அப்படியே முனைக்குள் நுழைத்துத் திருகினால், சில மாதங்களில் இழைகள் தளர்ந்து தொடர்பு விட்டுப்போகும். ஒயரின் நுனிக்கு லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) போட்டு இறுக்கினால் அது மீண்டும் வராது.

230 வந்தும் திரை இருண்டிருந்தால் கருவியின் ஸ்டிக்கரைப் படியுங்கள். இதே தோற்றத்தில் 12 வோல்ட், 24 வோல்ட், 110 வோல்ட் கருவிகளும் விற்கின்றன. அவற்றுக்கு 230 கொடுத்திருந்தால் கருவி எரிந்தே போயிருக்கும். புதிதுதான் வாங்க வேண்டும். ஸ்டிக்கரில் 220 என்றே இருந்து, மின்சாரமும் சரியாக வந்து, அப்போதும் திரை எரியவில்லை என்றால் கருவியைக் குற்றம் சொல்லலாம்.

எண்ணுக்குப் பதிலாக எழுத்துகள் மின்னுகின்றன

ஆங்கில ‘ஈ ஈ’ என்று வந்தால் சென்சார் அறுந்திருக்கிறது, இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது சென்சார் ஒயர் எங்காவது நசுங்கி இரண்டு இழையும் ஒன்றையொன்று தொடுகிறது. ‘எச் எச்’ என்று வந்தால் அளவு கருவியின் எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று பொருள்.  எலி கடித்த ஒயரிலும், ஃபிரிட்ஜ் கதவின் ரப்பருக்கிடையே விட்டு மூடிய ஒயரிலும் ‘ஈ ஈ’ வருவதைக் காணலாம்.

முதலில் 3, 4 எண் முனைகளின் திருகை இறுக்குங்கள். மாறாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிச் சென்சாரைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்து பாருங்கள். இந்தச் சென்சார் 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும். 20 டிகிரியில் 12-ஐ ஒட்டியும், 30 டிகிரியில் 8-ஐ ஒட்டியும் இருக்கும். அளவே வராவிட்டால் அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஒயர் ஒன்றோடொன்று தொடுகிறது. உள்ளங்கையில் சென்சாரை மூடிப் பிடித்தால் தடை மெதுவாக, தடுமாறாமல் இறங்க வேண்டும். சென்சார் மலிவானது, உதிரி ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள்.

‘ஈ 1’ என்று வந்தால் அது கருவியின் நினைவகக் கோளாறு. அணைத்துப் போட்டும் போகாவிட்டால் கருவியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எண் வருகிறது, ஆனால் அது உண்மையான வெப்பநிலை அல்ல

ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கிக்கொண்டே சென்சாரை அதில் சில நிமிடம் வைத்தால் 0 காட்ட வேண்டும். அரை டிகிரி, ஒரு டிகிரி வேறுபாட்டைக் கருவியின் எஃப்4 அமைப்பில் திருத்திக்கொள்ளலாம். கொதிநீரை வைத்து மேல் அளவைச் சோதிக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை 100 என்று எண்ணித் திருத்தினால் தயிர் வைக்கும் அளவெல்லாம் தவறிப்போகும். வெதுவெதுப்பான நீரில் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் சேர்த்துக் கட்டி, 40 டிகிரியை ஒட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறை.

0, 40 என இரண்டு அளவுகளிலும் பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. கடைகளில் 10 கிலோஓம் சென்சார் என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்றின் பீட்டா எண் (சூடு மாறும்போது தடை எவ்வளவு மாறும் என்பதைக் குறிப்பது) 3435, மற்றதற்கு 3950. எஸ்டிசி-1000-க்கு உரியது முதல் வகை. இரண்டாவதை மாட்டினால் 25 டிகிரியில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் உண்மையில் 42 டிகிரி இருக்கும்போது கருவி 44-ஐத் தாண்டிக் காட்டி, சூடேற்றுவதை முன்கூட்டியே நிறுத்திவிடும். மாவு நன்றாக வந்து தயிர் மட்டும் உறையாமல் நீர்த்துக் கிடந்தால் இதைச் சந்தேகியுங்கள். எஃப்4-ஐத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. சென்சாரைத்தான் மாற்ற வேண்டும்.

எண் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் சென்சாருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. ஈரம் தடையைக் குறைக்கும், தடை குறைந்தால் கருவி சூடு அதிகம் என்று எடுத்துக்கொள்ளும், பல்பு எரியாது, மாவு குளிர்ந்தே கிடக்கும். சென்சாரை மாவுக்குள் நேரடியாக முக்கி வைக்கும் வீடுகளில் இது தவறாமல் வரும். எண் ஏறி இறங்கித் துள்ளினால், சென்சார் ஒயரும் 230 வோல்ட் ஒயரும் ஒரே குழாயில் ஒட்டிப் போகின்றனவா என்று பார்த்துப் பிரித்து விடுங்கள். ஒயரை நீட்ட வேண்டியிருந்தால் தயங்காமல் நீட்டலாம். 10 கிலோஓமுக்கு முன் சில மீட்டர் ஒயரின் தடை ஒரு பொருட்டல்ல. ஆனால் முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

‘ஹீட்’ விளக்கு எரிகிறது, பெட்டி சூடாகவில்லை

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கதவைத் திறந்து பல்பு எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

*பல்பு எரிகிறது, சூடு இல்லை.* மாட்டியிருப்பது எல்இடி பல்பாக இருக்கும். பழைய குண்டு பல்பு ஃபியூஸ் போனதும் கையில் கிடைத்த 9 வாட் எல்இடியை யாராவது மாட்டிவிடுகிறார்கள். வெளிச்சம் வருவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வேண்டியது 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு. அது கிடைக்காவிட்டால் வெளிச்சமே தராத செராமிக் ஹீட்டர் பல்பு இன்னும் நல்லது. கோழிப் பண்ணைகளும் குஞ்சு பொரிக்கும் பெட்டிகளும் நிறைந்த நாமக்கல் பக்கம் தேடினால் கிடைத்துவிடும். அதற்குப் பிளாஸ்டிக் ஹோல்டர் ஆகாது. பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும்.

*பல்பு எரியவில்லை.* பல்பை வேறு ஹோல்டரில் போட்டுப் பாருங்கள். அது நன்றாக இருந்து, இது நீங்கள் புதிதாகக் கட்டிய பெட்டியாகவும் இருந்தால், காரணம் பெரும்பாலும் லூப் ஒயர். எஸ்டிசி-1000-இன் 5, 6 எண் முனைகளிலிருந்து மின்சாரம் வெளியே வரும் என்று பலரும் எண்ணுகிறார்கள், வராது. அவை சுவரில் உள்ள ஸ்விட்சைப் போல வெறும் இணைப்பை மட்டுமே திறந்து மூடுகின்றன. ஆகவே 1-ஆம் முனைக்கு வரும் ஃபேஸிலிருந்து 5-க்கு ஒரு லூப், 7-க்கு ஒரு லூப் எடுக்க வேண்டும். 6-லிருந்து பல்புக்கும், 8-லிருந்து ஃபிரிட்ஜுக்கும் ஃபேஸ் போக வேண்டும். இரண்டின் நியூட்ரலும் கருவிக்குள் நுழையாமல் நேராக 2-ஆம் முனைக்கு வரும் நியூட்ரலோடு சேர வேண்டும். 1-க்கு நியூட்ரலும் 2-க்கு ஃபேஸும் மாறி வந்திருந்தாலும் கருவி வேலை செய்யும்; ஆனால் பல்பு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஈரப் பெட்டிக்குள் அது உயிருக்கு ஆபத்து. அதனால் முனை எண்ணை நம்பாமல் மல்டிமீட்டரில் அளந்து ஃபேஸை உறுதிசெய்யுங்கள்.

லூப்பும் சரி, பல்பும் சரி என்றால், வெப்ப ஃபியூஸ் (சூடு எல்லை மீறினால் அறுந்து மின்சாரத்தைத் துண்டிப்பது) போட்டிருப்பவர்கள் அது அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுந்திருந்தால் மாற்றும் முன், அது ஏன் அறுந்தது என்று அடுத்த தலைப்பில் தேடுங்கள். கடைசியாக, கருவிக்குள் இணைப்பைத் திறந்து மூடும் ஸ்விட்சான ரிலே: ‘ஹீட்’ விளக்கு எரியும்போது உள்ளே ‘டக்’ என்ற ஒலி கேட்டும் 6-ஆம் முனைக்கு மின்சாரம் வராவிட்டால் ரிலேயின் முனை கருகியிருக்கிறது.

குறித்த அளவைத் தாண்டிச் சூடு ஏறுகிறது

இதில் ஆபத்தான வகையும் உண்டு, ஆபத்தில்லாத வகையும் உண்டு. இரண்டையும் பிரித்து அறிவது எளிது. திரையில் ‘ஹீட்’ விளக்கு அணைந்த பிறகும் பல்பு எரிந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

*எரிந்துகொண்டிருக்கிறது.* ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். 6-ஆம் முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு 5-க்கும் 6-க்கும் இடையே மல்டிமீட்டரை ஒலிக்கும் அளவில் வையுங்கள். மின்சாரமே இல்லாத நிலையில் அது ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் ரிலே ஒட்டியிருப்பது உறுதி. திருப்புளியின் பிடியால் தட்டினால் சில சமயம் விடுபடும். அப்படி விடுபட்டதை நம்பிப் பெட்டியை மீண்டும் ஓட்டாதீர்கள், இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ரிலேயை மட்டும் மாற்றலாம். அதற்கே பாதி விலை ஆகிறதென்றால் புதுக் கருவி வாங்கிவிடுவது மேல்.

இந்த ஒரு கோளாறுக்காகவே பல்பின் ஃபேஸ் ஒயரில், 70 டிகிரியை ஒட்டி அறுந்துபோகும் வெப்ப ஃபியூஸ் ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அதைப் பற்றவைக்கக் கூடாது. பற்றவைக்கும் சூட்டிலேயே அறுந்துவிடும். அமுக்கி இறுக்கும் இணைப்பான் போட்டுச் சேர்க்க வேண்டும்.

*அணைந்துவிட்டது, ஆனாலும் சூடு இரண்டு மூன்று டிகிரி ஏறித்தான் நிற்கிறது.* கருவியில் பிழை இல்லை. பல்பு தேவைக்கு மேல் பெரிதாக இருக்கலாம். 100 வாட் போட்டிருந்தால் 40-க்கு மாற்றுங்கள். சென்சார் ஒரு மூலையிலும் பல்பு இன்னொரு மூலையிலும் இருந்தால், கணினியில் இருக்கும் 12 வோல்ட் சிறு விசிறி ஒன்றை உள்ளே சுழலவிட்டால் காற்று ஒரே சீராகிவிடும். பல்பின் நேர் வெளிச்சம் சென்சார் மேலோ, ஃபிரிட்ஜின் பிளாஸ்டிக் சுவர் மேலோ படாமல் தகர டின் ஒன்றைத் தடுப்பாக வையுங்கள்.

‘கூல்’ விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, ஃபிரிட்ஜ் ஓடவில்லை

மின்னுவது கோளாறு அல்ல. கம்ப்ரஸரைக் காப்பதற்காகக் கருவி காத்திருக்கிறது. எஃப்3 அமைப்பில் இருக்கும் நிமிடங்கள், வாங்கும்போது 3, கழிந்த பிறகே அது ஓடவிடும். மின்சாரம் போய் வந்தாலும் இந்தக் காத்திருப்பு உண்டு. பொறுமையிழந்து இதைக் குறைக்காதீர்கள்.

விளக்கு நிலையாக எரிந்தும் ஃபிரிட்ஜில் எந்த ஒலியும் இல்லை என்றால், அதன் சொந்தக் குமிழைக் கடைசி வரை திருப்பி வையுங்கள். குறைவாக வைத்திருந்தால் ஃபிரிட்ஜே தன்னை அணைத்துக்கொள்ளும். அதன் பிறகு 7, 8 முனைகளையும் லூப்பையும் பாருங்கள். மின்னணுப் பலகையோடு வரும் இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜ்கள் இப்படி வெளியிலிருந்து அணைத்துப் போடுவதற்கு ஏற்றவையல்ல.

‘ம்ம்’ என்று சில விநாடி முனகிவிட்டு ‘டக்’ என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி முனகினால், அந்த முனகலின்போதே பிளக் பாயிண்டில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். ஏற்காட்டு மலையின் நாகலூர், செம்மடுவு போல நீண்ட மின்கம்பி வழியின் கடைசியில் இருக்கும் ஊர்களில் மாலை நேரத்தில் அழுத்தம் இறங்குவதுண்டு. 180-க்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டாதீர்கள். அழுத்தம் சரியாக இருந்தால், கம்ப்ரஸரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஸ்டார்ட்டிங் ரிலேயைக் கழற்றி ஆட்டுங்கள். உள்ளே உடைந்த வில்லை கலகலவென ஒலித்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு மேலே மெக்கானிக்கிடம் விடுங்கள். கம்ப்ரஸர் ஓடியும் குளிரவில்லை என்றால் கேஸ் இறங்கியிருக்கலாம். அது ஆர்600ஏ என்று ஸ்டிக்கரில் இருந்தால் தீப்பற்றும் வாயு. பல்பை அணைத்து, கதவையும் சன்னலையும் திறந்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பல்பு ஒயருக்காகப் பக்கச் சுவரில் துளை போடுவோர் பெரும்பாலும் கேஸ் குழாயைத்தான் குத்திவிடுகிறார்கள். கதவு ரப்பரின் ஓரமாக ஒயரை எடுப்பதே பாதுகாப்பானது.

கருவியின் ரிலே 10 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும், கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. கொஞ்சம் பெரிய ஃபிரிட்ஜ் என்றால் இடையில் ஒரு காண்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் தனி ரிலே) போட்டுவிடுவது ரிலேயின் ஆயுளைக் காக்கும்.

ரிலே ஓயாமல் ‘டக் டக்’ என்கிறது

எஃப்2 அமைப்பில் வேறுபாட்டளவு அரை டிகிரியாக இருக்கும். மாவுக்கு அதை 1 அல்லது 1.5 ஆக்குங்கள். 30 என்று வைத்து வேறுபாடு 1 என்றால், 29-இல் பல்பு எரிந்து 30-இல் அணையும், 31-இல் ஃபிரிட்ஜ் ஓடி 30-இல் நிற்கும். அப்போதும் நிற்காவிட்டால் சென்சார் திருகின் தளர்வைப் பாருங்கள்.

எல்லாம் சரியாகக் காட்டுகிறது. மாவு மட்டும் பொங்கவில்லை

கருவி 30 காட்டுகிறது, பல்பும் முறையாக எரிந்து அணைகிறது, ஆனால் காலையில் மாவு அப்படியே இருக்கிறது. இங்கே கருவி காட்டுவது காற்றின் சூடு. மாவின் சூடு அல்ல. ஏற்காட்டின் குளிர்ந்த நீரை ஊற்றி ஆட்டிய மாவு 18, 20 டிகிரியில்தான் பாத்திரத்துக்குள் போகிறது. ஒரு வாளி மாவு, சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை வாங்கி நடுப்பகுதி வரை 30-க்கு வருவதற்குள் பாதி இரவு கழிந்துவிடும்.

பாத்திரத்தின் வெளிச்சுவரில், மாவு நிற்கும் மட்டத்துக்குப் பாதி உயரத்தில் சென்சாரை ஒட்டி, அதன் மேல் உள்ளங்கையளவு தெர்மோகோல் துண்டை வைத்துக் காற்று படாமல் டேப் சுற்றுங்கள். இப்போது கருவி மாவைத்தான் அளக்கும். ஆட்டும்போதே வெதுவெதுப்பான நீரை ஊற்றி, ஒரு பெரிய வாளிக்குப் பதிலாக இரண்டு மூன்று அகலமான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். சேலத்தில் கோடையில் இதற்கு நேர்மாறு: கிரைண்டரின் உராய்விலேயே மாவு சூடாகி வருவதால் குளிர்ந்த நீரில் ஆட்ட வேண்டும். தயிருக்குச் சென்சாரை இப்படி ஒட்டும்போது பல்பு பாத்திரத்துக்கு மிக அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 45 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பக்கத்தில் நீர் பிரிந்து, மறுபக்கம் பாலாகவே நிற்கும்.